வீட்டில் போட்ட பூட்டை வீட்டுப்பாடம் திறக்கிறது: பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகிகளுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளின் வீட்டுப்பாடம் இப்போது வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் யூடியூப் லிங்காக வந்து விழுகிறது. பாட்டைப் பார்த்துவிட்டுப் பதில் எழுத வேண்டும், இணையத்தில் தேடிப் படம் ஒட்டி வர வேண்டும், பயிற்சித் தாளில் உள்ள கியூஆர் குறியைத் தட்டிப் பாடம் கேட்க வேண்டும். கூடவே வரும் சுற்றறிக்கையின் அடியில் ஒரு வரி: குழந்தை இணையத்தில் எதைப் பார்க்கிறது என்று கவனிப்பது பெற்றோரின் பொறுப்பு.

வீட்டுக் கருவிகளில் குழந்தைகளுக்கான பாதுகாப்பை அமைத்துத் தருகிற எங்களால் அந்த வரியை ஏற்க முடியவில்லை. பொறுப்பு வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லவில்லை. அதை முறையாக ஏற்று, செல்போனிலும் டேப்லெட்டிலும் குழந்தைக்கு ஆகாததைத் தடுக்கும் வடிகட்டி போட்டு வைத்தவர்கள்தான் உங்கள் வீட்டுப்பாடத்துக்காக அதைக் கழற்ற வேண்டியிருக்கிறது. எங்கே எப்படிக் கழல்கிறது, அதைத் தடுக்கப் பள்ளி என்ன செய்யலாம் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் அந்த லிங்க். அம்மாவின் செல்போனில் அதைத் தட்டினால் திறப்பது யூடியூப் கிட்ஸ் அல்ல, பெரியவர்களின் யூடியூப். அம்மாவின் கணக்கில்தான் திறக்கும். காணொளிக்கு முன் வரும் விளம்பரம் வீட்டுப் பெரியவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்கலாம்: பேய்ப்பட முன்னோட்டம், பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம், எதுவும் வரும். காணொளிக்குக் கீழே கருத்துப் பெட்டி. அதற்கும் கீழே பெரியவர்களின் பார்வை வரலாற்றை வைத்துக் கோத்த பரிந்துரைகள், நடுவில் ஷார்ட்ஸ் வரிசை. நான்கு நிமிடப் பாட்டு முடிந்ததும் சில நொடிகள் எண்ணிவிட்டு அடுத்தது தானாக ஓடும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட கணக்குகளில் இந்தத் தானியங்கு ஓட்டத்தை யூடியூப் 2021-இலேயே இயல்பாக அணைத்து வைத்துவிட்டது. பெரியவர்களின் கணக்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆக, ஆசிரியர் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அந்த நான்கு நிமிடம் மட்டும்தான். ஐந்தாவது நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை.

இதற்குப் பெற்றோர் செய்யக்கூடிய மாற்று, குழந்தைக்கென்று தனி அமைப்பு. யூடியூப் கிட்ஸில் 'பெற்றோர் ஒப்புதல் தந்தவை மட்டும்' என்ற முறை 2018 முதல் இருக்கிறது. அதில் தேடல் கிடையாது, பெற்றோர் சேர்த்த சேனலும் காணொளியும் மட்டுமே தெரியும். சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு 2021-இல் மேற்பார்வைக் கணக்கு வந்தது. அதன் மிகக் குறைந்த நிலையே 9 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான உள்ளடக்கம்தான். இவற்றில் எதைப் போட்டு வைத்திருந்தாலும், நீங்கள் அனுப்பும் லிங்க் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தால் திறக்காது. இரவு எட்டரை மணி, காலையில் நோட்டைக் காட்ட வேண்டும், குழந்தை அழுகிறது. பெற்றோர் என்ன செய்வார்கள்? தங்கள் செல்போனை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வாரத்தில் மூன்று நாள் இப்படி நடந்தால் நான்காம் நாள் வடிகட்டியையே எடுத்துவிடுவார்கள்.

(போகிற போக்கில் ஒன்று: பெற்றோர் தனியாக ரகசிய எண் வைக்காவிட்டால், யூடியூப் கிட்ஸின் பெற்றோர் பகுதியைத் திறக்க ஒரு பெருக்கல் கணக்குக்கு விடை சொன்னால் போதும். வாய்ப்பாட்டைச் சொல்லிக் கொடுப்பவர்கள் நீங்கள்தான். பெற்றோர் கூட்டத்தில் இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.)

பள்ளியின் பக்கம் இதற்கு வழி சிரமமானதே அல்ல. ஆசிரியரே பேசும் இரண்டு மூன்று நிமிடப் பாடம் என்றால் செல்போனில் பதிவு செய்து கோப்பாகவே குரூப்பில் அனுப்பலாம். 480பி தரத்தில் மூன்று நிமிடம் ஏறத்தாழ 20 எம்பிதான் வரும். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி வரை போகும். கோப்பு முடிந்தால் முடிந்ததுதான், பக்கத்தில் பரிந்துரையும் இல்லை, விளம்பரமும் இல்லை. மற்றவர்கள் எடுத்த காணொளி என்றால் பதிவிறக்கி அனுப்புவது முறையல்ல. அதை வகுப்பிலேயே திரையில் காட்டிவிட்டுக் கேள்வியைத் தாளில் கொடுங்கள். கட்டாயம் வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்றால், பள்ளியின் வலைப்பக்கத்துக்குள்ளேயே ஓடும்படி பொதித்து (எம்பெட் செய்து) அந்தப் பக்கத்தின் முகவரியைத் தாருங்கள். பொதிக்கும்போது யூடியூப்பின் 'தனியுரிமை மேம்பட்ட முறை'யைத் தேர்ந்தெடுத்தால், அங்கே பார்ப்பது பார்ப்பவரின் பரிந்துரைகளில் கலக்காது. பொதிக்கும் காணொளியின் முகவரியில் rel=0 என்று சேர்த்தால் முடிவில் பரிந்துரையே வராது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2018 செப்டம்பரோடு அது மாறிவிட்டது. இப்போது அந்தக் குறி போட்டால் அதே சேனலின் பிற காணொளிகள் வரும். எனவே காணொளியை மட்டும் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். அந்தச் சேனலில் வேறென்ன இருக்கிறது என்று கீழே வரை உருட்டிப் பாருங்கள். விளம்பரமும் வெளி லிங்கும் பரிந்துரையும் இல்லாத கல்விக்கான பிளேயர் ஒன்றை யூடியூப் 2022-இல் அறிவித்தது. நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கற்றல் செயலியில் அது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

இன்னொரு எளிய சோதனை: 'குழந்தைகளுக்கானது' என்று குறிக்கப்பட்ட காணொளியில் கருத்துப் பெட்டி மூடியிருக்கும், பார்ப்பவரின் தகவலை வைத்துக் காட்டும் விளம்பரமும் வராது. அமெரிக்காவில் 2019-இல் கூகுளும் யூடியூப்பும் 17 கோடி டாலர் கட்டி, குழந்தைகளின் தகவலைத் திரட்டியது குறித்த வழக்கை முடித்துக்கொண்ட பிறகு, 2020 ஜனவரியிலிருந்து இந்த ஏற்பாடு. ஆனால் அந்தக் குறியைப் பெரும்பாலும் பதிவேற்றுகிறவரே போடுகிறார். 2017-இல் பழக்கமான கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து வன்முறையும் ஆபாசமுமாக எடுத்த காணொளிகள் யூடியூப் கிட்ஸுக்குள்ளேயே புகுந்ததை உலகமே பார்த்தது. முகப்புப் படத்தை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் முதல் நொடி முதல் கடைசி நொடி வரை ஆசிரியர் பார்க்காத எதையும் அனுப்பக் கூடாது. நடுவில் தள்ளித் தள்ளிப் பார்த்தது கணக்கில் வராது.

அடுத்தது, எங்களுக்கு மிகவும் கோபம் வரும் விஷயம். வகுப்புச் செயலியில் சேர ஒவ்வொரு குழந்தைக்கும் ஈமெயில் வேண்டும் என்று சுற்றறிக்கை வருகிறது. ஏழு வயதுக் குழந்தையின் உண்மையான பிறந்த ஆண்டைப் போட்டால், பெற்றோரின் கணக்கோடு இணைத்து மேற்பார்வைக் கணக்காகத்தான் திறக்க முடியும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரத்தில் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் பள்ளி அலுவலகமே அப்படிச் செய்யச் சொல்கிறது.

இதன் விலை அன்றைக்குத் தெரியாது. ஏழு வயதுக் குழந்தையைப் பதின்மூன்று என்று பதிந்தால், அந்தக் குழந்தைக்கு உண்மையில் பன்னிரண்டு ஆகும்போது கணக்குக்குப் பதினெட்டு ஆகிவிடும். பதின்பருவத்தின் வாசலில், பாதுகாப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில், தேடல் வடிகட்டி, தானியங்கு ஓட்டத் தடை, வயது வரம்புள்ள காணொளிக்கான தடை எல்லாம் ஒரு பிறந்தநாளில் விலகிவிடும். பெரியவர் என்று பதிந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு முதல் நாளே இல்லை. அந்தக் கணக்கை வைத்து நுழையும் மற்ற செயலிகளுக்கும் இதே பொய் வயது போய்ச் சேரலாம். பதின்மூன்று என்ற எண்ணைக் கண்டு, அந்த வயதுக்கு எல்லாம் ஏற்றது என்றும் நினைத்துவிட வேண்டாம். அது அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து பரவிய எண். பெற்றோர் அனுமதியில்லாமல் குழந்தையின் தகவலைத் திரட்டக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் பேச்சு. எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கணக்கு தேவைதான் என்றால் பள்ளியே கொடுங்கள். கூகுளின் கல்விக் கணக்குகளில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி மாணவர்களை 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களாகவே கருதும் முறை 2021 செப்டம்பரில் வந்தது. பெரியவர்கள் யார் என்று நிர்வாகிதான் குறித்துத் தர வேண்டும். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று மொத்தப் பள்ளியையும் '18-க்கு மேல்' என்று குறித்துவிட்டால் வாய்த்த பாதுகாப்பும் போயிற்று. உங்கள் கணினிப் பொறுப்பாளரை அழைத்து, மாணவர் பிரிவுக்கு என்ன குறித்திருக்கிறது என்று திரையில் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

தேடிப் படம் ஒட்டி வரும் வீட்டுப்பாடத்துக்கு வருவோம். ஆசிரியர் மனதில் இருப்பது சரியான எழுத்தில் தட்டிய ஒரு சொல். குழந்தை தட்டுவது பிழையோடு, அல்லது மைக்கில் மழலையில் சொல்வது. ஓர் எழுத்து மாறினால் முடிவும் மாறும், தேடல் பெட்டி தானாக நீட்டித் தரும் சொற்களும் மாறும். கூகுளின் பாதுகாப்புத் தேடலில் மூன்று நிலைகள் உண்டு: வடிகட்டு, மங்கலாக்கு, அணை. பெரியவர் கணக்கில் இயல்பாக இருப்பது 'மங்கலாக்கு'. அது படத்தைத்தான் மறைக்கும். ஆபாசமான தலைப்பும் அதன் லிங்கும் அப்படியே தெரியலாம். கலைக்களஞ்சியத் தளத்துக்குள் போய்விட்டால் இந்த வடிகட்டிக்கு வேலையே இல்லை. விக்கிப்பீடியா படங்களைத் தணிக்கை செய்வதில்லை என்பதை வெளிப்படையான கொள்கையாகவே வைத்திருக்கிறது, பெரியவர்களுக்கு அது சரியான கொள்கையும்கூட. மனித உடல் பற்றி ஏழு வயதுக் குழந்தையை அங்கே தேட அனுப்புவதுதான் தவறு. உடல், நோய், போர், விபத்து என்று எந்தத் தலைப்பானாலும் படத்தை அச்சடித்துக் கொடுங்கள். மற்றவற்றுக்கு ஆசிரியர் பார்த்து வைத்த மூன்று பக்கங்களின் முகவரி போதும். வரைந்து வரச் சொன்னாலும் யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

கியூஆர் குறியில் உள்ள ஆபத்து பலருக்கும் தெரியாது. அச்சடித்த தாள் அப்படியே இருக்கும், அது காட்டும் முகவரி கை மாறும். ஓர் இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய முகவரிக்குத் தானாக வந்து சேரும் கூட்டத்துக்காகவே அப்படி வாங்குகிறவர்கள் உண்டு, ஆபாசத் தளக்காரர்களும் சூதாட்டத் தளக்காரர்களும் அவர்களில் உண்டு. 2015-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கெட்சப் பாட்டிலில் அச்சடித்திருந்த கியூஆர் குறி, போட்டி முடிந்து முகவரி காலாவதியானதால், ஓர் ஆபாசத் தளத்துக்குக் கொண்டுபோய்விட்டது. 2021-இல் விட்.மீ என்ற மூடப்பட்ட காணொளித் தளத்தின் முகவரியை ஆபாசத் தளம் ஒன்று வாங்கியது. வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட பெரிய செய்தித் தளங்களின் பழைய கட்டுரைகளில் செய்திக் காணொளி இருந்த இடத்தில் ஆபாசக் காணொளி வந்து நின்றது. அவர்களுக்கே அந்தக் கதி. நாலு வருடத்துக்கு முன்பு தயாரித்த பயிற்சித் தாளை இன்னும் நகலெடுத்துக் கொடுக்கும் பள்ளிக்கு என்ன உத்தரவாதம்?

அதனால் கியூஆர் குறி எதுவும் வெளித் தளத்துக்கு நேராகப் போகக் கூடாது. பள்ளியின் சொந்த முகவரியில் உள்ள ஒரு பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து வெளியே திருப்பிவிடலாம். வெளி முகவரி கெட்டுப்போனால் பள்ளிப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும், தாளை மறுபடி அச்சடிக்க வேண்டாம். சுருக்கு முகவரிச் சேவைகளைத் தவிருங்கள். தட்டும் முன் எங்கே போகிறோம் என்று பெற்றோருக்குத் தெரியாது, அந்தச் சேவை நின்றால் எல்லாக் குறியும் ஒரே நாளில் அனாதை. பள்ளியின் முகவரியைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே பதிந்து, தானாகப் புதுப்பிக்கும்படி வையுங்கள். சில பள்ளிகளில் அந்த முகவரி எப்போதோ வலைத்தளம் செய்து கொடுத்தவரின் பெயரில் இருக்கலாம். அதை முதலில் பள்ளியின் பெயருக்கு மாற்றுங்கள்.

பள்ளி தரும் டேப்லெட்டுகள் தனிக் கதை. வடிகட்டி பள்ளியின் வைஃபையில் இருக்கிறது, டேப்லெட் மாலையில் வீட்டுக்குப் போகிறது. வீட்டு வைஃபையில் அது வெறும் டேப்லெட். கருவியோடு பயணிக்கும் பூட்டு வேண்டும் என்றால் டேப்லெட்டை, பள்ளி தொலைவிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் நிர்வாக மென்பொருளில் பதிந்து கொடுக்க வேண்டும். ஐபேடாக இருந்தால், பள்ளிக்குக் கூடுதல் கட்டுப்பாடு தரும் 'சூப்பர்வைஸ்டு' நிலையில் இருக்க வேண்டும். ஆசிரியர் கையால் செட்டிங்ஸில் போட்டு வைத்தது ஒரு ரீசெட்டில் காணாமல் போகும். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை; அந்த இடத்திலேயே தடுக்கும் டிஎன்எஸ் வடிகட்டியைக் கருவிக்குள்ளேயே போட்டு மாற்ற முடியாதபடி பூட்டுங்கள். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற வசதி இதற்குப் பயன்படும்.

வீடுகளில் ரௌட்டரில் போட விரும்பும் பெற்றோருக்கும் நீங்கள் ஒரு பக்கம் அச்சடித்துத் தரலாம். கிளவுட்ஃபிளேரின் குடும்ப வடிகட்டி 1.1.1.3, 1.0.0.3. ஓப்பன்டிஎன்எஸ் குடும்ப வடிகட்டி 208.67.222.123, 208.67.220.123. இரண்டும் இலவசம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: இந்த எண்களைப் போட்டுவிட்டு ஐபிவி6 (இணைய எண்களின் புதிய வகை) பகுதியை அப்படியே விட்டுவிடுவார்கள். கருவி அந்த ஐபிவி6 வழியாகவே கேட்டு வடிகட்டியைத் தாண்டிப் போகும். கிளவுட்ஃபிளேர் என்றால் 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 இரண்டையும் அங்கே சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ரௌட்டரில் ஐபிவி6-ஐ அணைக்க வேண்டும். டிஎன்எஸ் வடிகட்டி தளத்தின் பெயரை மட்டுமே பார்க்கும் என்பதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். ஆபாசத் தளத்தை அது தடுக்கும். யூடியூப்புக்குள் ஒரு காணொளியை, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை அதற்குப் பிரிக்கத் தெரியாது. 'பள்ளியில் வடிகட்டி போட்டிருக்கிறோம், கவலை வேண்டாம்' என்ற பதில் அதனால்தான் எங்களுக்குப் போதவில்லை.

வகுப்புக் குரூப்பில் வரும் படமும் காணொளியும் செல்போன் கேலரியில் தானாகச் சேரும். குழந்தை தன் வீட்டுப்பாடப் படத்தைத் தேடி அதே கேலரியைத்தான் புரட்டுகிறது, மற்ற குரூப்புகளின் குப்பையும் அங்கேதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், 'மீடியா விசிபிலிட்டி' என்று போய் அணைக்க வேண்டும், ஐபோனில் 'சேவ் டு ஃபோட்டோஸ்'. உங்கள் பக்கம் செய்ய வேண்டியது, குரூப்பில் அட்மின் மட்டுமே அனுப்பலாம் என்று மாற்றுவது. அந்த வசதி 2018-இலிருந்தே இருக்கிறது.

இன்னொன்று, எச்சரிக்கைகள். 2019-இல், கோரமான முகம் ஒன்று குழந்தைகளைத் தீங்கு செய்துகொள்ளத் தூண்டுகிறது என்ற 'மோமோ' பீதி கிளம்பியபோது, அதனால் குழந்தைகள் தங்களுக்குத் தீங்கு செய்துகொண்டதற்கு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் குழந்தை நல அமைப்புகள் கூறின. ஆனால் படத்தோடு அனுப்பும் எச்சரிக்கைகள் வழியாகவே குழந்தைகள் அந்த முகத்தை முதலில் பார்த்துவிடலாம். ஒரு செயலியின் பெயரையோ காணொளியின் தலைப்பையோ போட்டு எச்சரித்தால் அது தேடலுக்கான அழைப்பாகிவிடும். பெயரில்லாமல், என்ன அமைப்பை மாற்ற வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குழந்தை பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டு வகுப்பில் சொல்லலாம். அப்போது திட்டினால், இனி சொல்லாது. செல்போனைப் பிடுங்க வைத்தால், இனி மறைக்கும். என்ன பார்த்தது, எந்தச் செயலியில், யார் காட்டியது என்று தனியாக, மெதுவாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தையோ காணொளியையோ 'ஆதாரத்துக்காக' இன்னொரு ஆசிரியருக்கு அனுப்பவே கூடாது. குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கும் படமாக இருந்தால், எந்த நோக்கத்தோடு அனுப்பினாலும் அதைப் பகிர்வதே பல நாடுகளில் குற்றம். முகவரி, நேரம், கணக்கின் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்து, காவல்துறைக்கோ உங்கள் நாட்டின் இணையப் புகார் மையத்துக்கோ தாருங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பத்து வயது வரையுள்ள வகுப்புகளுக்கு யூடியூப் லிங்கைக் குரூப்பில் நேராக அனுப்புவதை இந்தப் பருவத்திலேயே நிறுத்துங்கள். கோப்பு, பள்ளிப் பக்கம், தாள் ஆகிய மூன்றில் ஒன்று எப்போதும் முடியும். இணையத்தில் தேடி வரச் சொல்லும் வீட்டுப்பாடத்தை இந்த வயதுக்குக் கொடுக்காதீர்கள். பிறந்த ஆண்டை மாற்றிக் கணக்கு திறக்கச் சொல்லக் கூடாது என்று அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்கெனவே அப்படித் திறந்த கணக்குகளை மூடப் பெற்றோருக்கு ஒரு மாத அவகாசம் கொடுங்கள், அதுவரை வகுப்புச் செயலியில் பழைய பாடங்கள் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எல்லா லிங்கையும் கியூஆர் குறியையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து தட்டிப் பார்த்து, பார்த்த தேதியைக் குறிக்க வேண்டும். நிர்வாக மென்பொருளில் பதியாத டேப்லெட் எதுவும் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் பொறுப்பாக ஓர் ஆசிரியரையோ அலுவலரையோ நியமித்து, அதற்கான நேரத்தை அவருடைய பாடவேளையிலிருந்து குறைத்துக் கொடுங்கள். ஏற்கெனவே சுமை ஏறிய ஒருவரின் தலையில் சம்பளமில்லாத வேலையாக இதைக் கட்டினால் அது நடக்காது. குழந்தை எதையாவது பார்த்துவிட்டால் பெற்றோர் யாரை அழைப்பது என்று தெரிய வேண்டும், அவரது பெயரும் அழைக்கும் நேரமும் வகுப்பு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

சுற்றறிக்கையின் அடியில் உள்ள அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், இந்த வாரம் அனுப்பிய காணொளியை முழுவதும் பார்த்த ஆசிரியர் யார் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக் கருவிகளில் குழந்தைகளுக்கான பாதுகாப்பை அமைத்துத் தருகிறவர்கள்